சீனாய் மலையில் ஒரு காலை: எருசலேம் டூர் போகிறவர்களுக்கு

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் எந்த ஆலயத்துக்குப் போனாலும் நோட்டீஸ் போர்டில் ஒரு எருசலேம் டூர் விளம்பரம் ஒட்டியிருக்கும். ஒட்டகப் படம், ஒலிவமலைப் படம், கூட வரும் ஐயரின் (சபைப் போதகரின்) படம், கீழே தொலைபேசி எண். நானும் அக்காவும் அப்படி ஒரு நிறுவனத்தின் மூலமாக 2023 பிப்ரவரியில் போய்வந்தோம். கெய்ரோவில் இறங்கி, சீனாய் வழியாக தாபா எல்லையைத் தாண்டி இஸ்ரவேல் போய், யோர்தான் நாட்டில் முடிக்கிற பயணம். விமானம், விசா, தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரத்தை ஒட்டி ஆனது. டிரைவர், கைடுக்கான டிப்ஸ் தனி, அதுவும் டாலரில். அந்த அக்டோபரில் போர் தொடங்கிவிட்டதால் இப்போது எந்த எல்லை திறந்திருக்கிறது என்பதை நன்றாக விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இந்தப் பயணத்துக்குத் தமிழக அரசு தரும் மானியம் 37,000 ரூபாய், அருட்சகோதரிகளுக்கு 60,000. பயணம் முடித்துத் திரும்பிய பிறகு விண்ணப்பித்து வாங்குகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். ஆகவே முதலில் முழுப் பணமும் நம் கையில் இருக்கவேண்டும்.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. பல பேரிடம் கேட்டுப் பார்த்ததில், நான் சொல்லப்போகும் குறை எல்லா டூருக்கும் பொதுவாக இருக்கிறது. அதனால் டூர் நடத்துகிறவர்கள் யாராக இருந்தாலும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விசா வேலை சுத்தமாக நடந்தது. விமான நிலையத்தில் யாரையும் தவிக்கவிடவில்லை. ஓட்டல்கள் சுமாருக்கு மேல். எகிப்தில் காலையில் அவித்த முட்டை, மொச்சை மாதிரி ஒரு பயறை மசித்து எண்ணெய் விட்ட ஃபூல், ரொட்டி, வெள்ளைப் பாலாடைக்கட்டி. நான்காம் நாள் எல்லாரும் அக்காவின் பருப்புப் பொடி டப்பாவைத் தேடி வந்துவிட்டார்கள். ராத்திரிக்குச் சோறும் பருப்பும் கிடைத்தது. முதியவர்களைக் கைபிடித்து ஏற்றி இறக்க ஒரு தம்பி கூடவே இருந்தான். அவனுக்கு முழு மதிப்பெண்.

குறை, நேரத்தைப் பங்கிட்ட விதத்தில். அது எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்று சொல்ல, சீனாயில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

கெய்ரோவிலிருந்து பஸ் சூயஸ் கால்வாய்க்கு அடியில் சுரங்கப்பாதை வழியாகப் போய் வனாந்தரத்தில் ஏறுகிறது. வழியெல்லாம் சோதனைச் சாவடி. பகல் முழுக்கப் பிரயாணம். இருட்டியபின் கேத்தரின் ஊருக்குப் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, கண் மூடுவதற்குள் ஒரு மணிக்குக் கதவைத் தட்டி எழுப்பிவிட்டார்கள். மலை ஏறுகிறவர்கள் அப்போதே கிளம்பவேண்டும். அக்காவுக்கு முட்டு வலி. "ஏட்டி, நீ போயிட்டு வா. நான் இங்கன இருந்து யாத்திராகமம் வாசிக்கேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஜெபல் மூசா, அதாவது தேவன் மோசேக்குக் கற்பனைகளைக் கொடுத்ததாகச் சொல்லும் மோசேயின் மலை, 2,285 மீட்டர் உயரம். ஒட்டகப் பாதையில் போனால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். மடாலயத்தின் பின்பக்கமாக 3,750 படிகள் கொண்ட பழைய பாதையும் உண்டு. அதற்கு 'மனந்திரும்புதலின் படிகள்' என்று பெயர். இருட்டில் அது வேண்டாம். ஒட்டகத்தில் போனாலும் கடைசி 750 படிகளை நாமேதான் ஏறவேண்டும், இதை விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை. வாடகையைக் கீழேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வழிகாட்டியது ஜெபலியா என்ற பெதுவீன் இனத்து வாலிபன். ஏறும் வழியில் முதலூர் மஸ்கோத் அல்வா ஒரு துண்டு கொடுத்தேன். வாயில் போட்டுவிட்டு நின்றான், சிரித்தான், இன்னொரு துண்டு கேட்டான். அவனுடைய தாத்தா காலத்திலிருந்தே மடத்துக்கு வேலை செய்கிற குடும்பமாம்.

உச்சியில் பிப்ரவரிக் குளிர் எலும்பில் இறங்குகிறது. மங்கி கேப், கையுறை, இரண்டு சால்வை இல்லாமல் போகாதீர்கள். பெதுவீன்கள் கம்பளி வாடகைக்குக் கொடுக்கிறார்கள். மேலே 1934இல் கட்டிய சிறிய ஆலயம் ஒன்று, பக்கத்தில் ஒரு பள்ளிவாசல். சூரியன் எழும்பும்போது அந்தச் செந்நிறக் கருங்கல் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றிக்கொள்கிற காட்சியைப் பார்க்கத்தான் எல்லாரும் ஏறுகிறார்கள், பார்க்கவேண்டிய காட்சிதான். நான் முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவள். எங்கே போனாலும் முதலில் முகங்களைத்தான் பார்ப்பேன். அன்று மலையைவிட என் கண் போனது பக்கத்தில் நின்றவர்களின் முகங்களுக்கு. எல்லாம் தீ நிறத்தில் இருந்தன. களைப்பு, சுருக்கம், சர்க்கரை நோயின் கருமை ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏறி வெள்ளையானதும் எல்லார் முகமும் பழையபடி ஆயிற்று.

மோசேயின் முகம் அப்படி வெளியே இருந்து பட்ட வெளிச்சத்தால் மாறவில்லை. "உம்முடைய மகிமையை எனக்குக் காண்பித்தருளும்" என்று அவர் கேட்டது இங்கேதான். "நீ என் முகத்தைக் காணமாட்டாய்" என்ற பதிலோடு கன்மலையின் வெடிப்பில் நிறுத்தப்பட்டு, தேவனுடைய பின்பக்கத்தை மட்டும் கண்டார். அதன்பின் நாற்பது நாள் அவரோடு இருந்துவிட்டு இறங்கினபோது முகம் பிரகாசித்தது. ஜனங்கள் கிட்டே வரப் பயந்ததால் முக்காடு போட்டுக்கொண்டார். இதையெல்லாம் உச்சியில் கொஞ்சம் அமைதியாக உட்கார்ந்து நினைத்துப் பார்க்க ஆசைப்பட்டேன். ஆனால் கூட வந்த ஐயர் கையடக்க மைக்கில் ஜெபித்தார், பாட்டு பாடினோம், படம் எடுத்தோம், "எட்டு மணிக்குள் கீழே இருக்கவேண்டும்" என்று கைடு கை தட்டினார். இறங்கிவிட்டோம். ஐயர் நல்ல மனிதர், அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் அட்டவணையைத்தான் கையில் கொடுத்திருந்தார்கள்.

இனி மடாலயம். எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

புனித கேத்தரின் மடாலயத்தை ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் யுஸ்டினியன் கட்டுவித்தார். அன்றிலிருந்து இன்றுவரை துறவிகள் அங்கே ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளி, ஞாயிறு பார்வையாளர்களுக்குப் பூட்டியிருக்கும். மற்ற நாட்களிலும் காலையில் சில மணி நேரம்தான். டூரில் சேருமுன்பே உங்கள் குழு எந்தக் கிழமை அங்கே போகிறது என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை வந்த ஒரு குழு மதிலை மட்டும் பார்த்துவிட்டுப் போனது என்று கைடே சொன்னார்.

தேவன் மோசேயோடு பேசின எரிகிற முட்செடி என்று காட்டுகிற செடி ஒரு சுவருக்கு மேலாகப் படர்ந்து தொங்குகிறது. அங்கே ஒரே நெரிசல், படம் எடுப்பதிலேயே நேரம் போயிற்று. பிறகு கைடு சினாய்ச் சுவடியின் கதையைச் சொன்னார்: நாலாம் நூற்றாண்டு வேதாகமப் பிரதி, ஜெர்மன் அறிஞர் டிஷெண்டார்ஃப் இங்கே கண்டெடுத்தது, இப்போது பெரும்பகுதி லண்டனில் இருப்பது. நல்ல கதைதான். ஆனால் அதைப் பஸ்ஸில் சொல்லியிருக்கலாம். பகல் முழுக்கப் பஸ்ஸில்தானே இருந்தோம்?

ஆலயத்துக்குள் நுழைந்தபோது எங்களுக்குக் கிடைத்தது கால் மணி நேரம். உள்ளே படம் எடுக்கக்கூடாது, அதற்காக அந்தத் துறவிகளுக்கு நன்றி. கூரையிலிருந்து விளக்குகள் நிறையத் தொங்குகின்றன. முன்னால் படங்கள் நிறைந்த மரத் தடுப்பு, அதன்மேல் உயரமான சிலுவை. அதற்கும் பின்னால், பலிபீடத்துக்கு மேலே வளைந்த சுவரில், பொன் பின்னணியில் ஒரு மொசைக். நம் சபைகளில் படங்களைப் பார்த்துத் தியானிக்கிற பழக்கம் இல்லை. நானும் முதலில் விளக்குகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா முழங்கையால் இடித்து, "அங்க பாரு, மறுரூப மலை" என்றாள். ஒரு மலையின்மேல் சீஷர்கள் மூவருக்கு முன்பாக இயேசுவின் முகம் சூரியனைப்போலப் பிரகாசித்த சம்பவம் அது.

இடம் கொஞ்சம் மாறி நின்றால் விளக்குகளுக்கு நடுவே முழுவதும் தெரிகிறது. நடுவில் இயேசு வெண்ணுடையில் நிற்கிறார். அவரைச் சுற்றி நீள்வட்டமாக நீல நிறம், அவர் பக்கத்தில் கருநீலம், விளிம்புக்கு வர வர வெளுத்துக்கொண்டே வருகிறது. அவர் சரீரத்திலிருந்து ஒளிக்கதிர்கள் அந்த நீலத்தைக் கடந்து மற்றவர்கள் பக்கம் போகின்றன. ஒரு பக்கம் யோவான், மறுபக்கம் யாக்கோபு, இருவரும் முழங்காலில். பேதுரு அவர் பாதத்துக்குக் கீழே தரையில் கிடக்கிறார். இடப்பக்கம் தீர்க்கதரிசி எலியா, வலப்பக்கம் மோசே.

இந்த இருவரும் அங்கே நிற்பதைக் கண்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. எந்த மலையில் "என் முகத்தைக் காணமாட்டாய்" என்று மோசேக்குச் சொல்லப்பட்டதோ, எந்த ஓரேபில் (சீனாய்க்கு வேதத்தில் உள்ள இன்னொரு பெயர்) மெல்லிய சத்தத்தைக் கேட்டு எலியா சால்வையால் தன் முகத்தை மூடிக்கொண்டாரோ, அதே மலையின் அடியில் இருக்கிற ஆலயத்தில், இருவரும் முக்காடு இல்லாமல், இயேசுவின் இரண்டு பக்கத்திலும் நிற்கிறார்கள். மோசே கேட்ட ஜெபத்துக்குப் பதில் பல நூறு வருஷம் கழித்து வேறொரு மலையில் கிடைத்தது. அதை ஆறாம் நூற்றாண்டில் யாரோ ஒரு கலைஞன் இந்த மலைக்கே திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். அந்த வளைவுக்கு மேலே மோசே செருப்பைக் கழற்றுவதும், கற்பலகை வாங்குவதும் தனித்தனியாக இருக்கின்றன. சின்னச் சின்னக் கற்களால் யாத்திராகமத்தையும் சுவிசேஷத்தையும் ஒரே சுவரில் சேர்த்துவிட்டார்கள்.

சின்ன வயதிலேயே மனப்பாடம் பண்ணின வசனம் ஒன்று உண்டு: "நாமெல்லாரும் திறந்த முகமாய்க் கர்த்தருடைய மகிமையைக் கண்ணாடியிலே காண்கிறதுபோலக் கண்டு, ஆவியாயிருக்கிற கர்த்தரால் அந்தச் சாயலாகத்தானே மகிமையின்மேல் மகிமையடைந்து மறுரூபப்படுகிறோம்." இரண்டாம் கொரிந்தியர் மூன்றாம் அதிகாரம், கடைசி வசனம். இதைச் சொல்லுகிற பவுல், அந்த அதிகாரத்தின் பின்பகுதி முழுக்க மோசேயின் முக்காட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வருகிறார். அன்று ஒருவர் மட்டும் மலை ஏறினார், மற்றவர்கள் கீழே நின்றார்கள். இன்று "நாமெல்லாரும்". முட்டு வலிக்காரியான அக்காவும் அதில் உண்டு. மாறுவதற்கு நாம் செய்யவேண்டியதாகப் பவுல் அங்கே சொல்வது, அவரைக் காண்பது. மாற்றுகிறவர் ஆவியானவர். காண்பதற்கு நேரம் வேண்டாமா?

அந்தக் கால் மணி நேரத்தில் எங்கள் குழுவில் பாதிப் பேர் தூண் ஓரத்தில் கண்ணைச் சொக்கிக்கொண்டு நின்றார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் மலை ஏறி இறங்கியவர்கள் என்ன செய்வார்கள்? பேதுருவும் கூட இருந்தவர்களும் நித்திரை மயக்கமாயிருந்தார்கள் என்று லூக்கா எழுதியிருப்பது அவர்களைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது. விழித்தபோது அவருடைய மகிமையைக் கண்டார்கள் என்றும் லூக்கா எழுதுகிறார். எங்களுக்கு விழிக்க அவகாசம் இல்லை. வெளியே போகச் சொல்லி மணிக்கட்டைக் காட்டினார் கைடு. தாபாவில் எல்லை தாண்டும் நேரம் நெருங்குகிறதாம்.

இதைத் தவிர்க்க முடியாத நெருக்கடி என்று நினைக்காதீர்கள். கெய்ரோவில் பாப்பிரஸ் கடை ஒன்று, வாசனைத் தைலக் கடை ஒன்று, இரண்டுக்கும் சேர்த்து அரை நாளைக் கரைத்தார்கள். பெத்லகேமில் ஒலிவமரச் சாமான் கடை. யோர்தான் நாட்டு மாதபாவில் மொசைக் செய்கிற பட்டறை, அங்கே உட்காரவைத்து டீ கொடுத்து நிதானமாக விளக்கினார்கள். உலகத்தின் மிகப் பழைய மறுரூப மொசைக்குகளில் ஒன்றுக்குக் கால் மணி நேரம், விற்பனைக்கு வைத்த மொசைக்குக்கு ஒரு மணி நேரம்! கடைகளில் கமிஷன் உண்டென்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் கமிஷனை டிக்கெட்டோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், தருகிறோம். கேத்தரினில் இரண்டு இரவு தங்கவையுங்கள். முதல் நாள் மடாலயம், நன்றாகத் தூங்கி எழுந்தபின். மறுநாள் ராத்திரி மலை. ஏற முடியாதவர்கள் கீழே பள்ளத்தாக்கில் உட்கார்ந்து யாத்திராகமம் 33, 34 அதிகாரங்களை வாசிக்கட்டும்.

இயேசு மறுரூபமான மலை என்று இஸ்ரவேலில் காட்டுகிற தாபோர் மலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய பஸ் மேலே போகாது, அடிவாரத்தில் சின்ன வேன்களில் மாற்றி ஏற்றுகிறார்கள், கொண்டை ஊசி வளைவுகள் அதிகம். உச்சியில் இருப்பது 1924இல் பர்லூட்ஸி என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞர் கட்டிய ஆலயம். முன்வாசலின் இருபுறமும் மோசேக்கும் எலியாவுக்கும் தனித்தனி சிற்றாலயங்கள். பேதுரு மூன்று கூடாரம் போடலாம் என்று கேட்டதைக் கட்டிடமாகவே ஆக்கிவிட்டார்கள். யெஸ்ரயேல் சமவெளி கீழே பச்சைப்பசேலென்று விரிந்து கிடக்கிறது. நல்ல இடம். அங்கேயும் அவசரம்தான்.

சரி, இவ்வளவு பணம் செலவழித்துப் போய்வந்ததில் ஆத்துமாவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்வி. மடாலயக் கடையில் அந்த மொசைக்கின் அஞ்சலட்டை ஒன்று வாங்கினேன். அதை வணங்குவதில்லை, வேதாகமத்துக்குள் அடையாளமாக வைத்திருக்கிறேன். வந்தபின் நானும் அக்காவும் வாசிக்கிற முறையை மாற்றிக்கொண்டோம். தினம் மூன்று அதிகாரம் என்ற கணக்கை விட்டுவிட்டு, சுவிசேஷத்தில் ஒரே ஒரு சம்பவத்தை வாரம் முழுக்க எடுத்துக்கொள்கிறோம். குஷ்டரோகியைத் தொட்டபோது அவர் கை எப்படிப் போயிருக்கும், விபசாரத்தில் பிடிபட்ட ஸ்திரீக்கு முன்னால் குனிந்து தரையில் எழுதினபோது அவர் ஏன் அவளை உற்றுப் பார்க்காமல் இருந்தார், மரத்தின்மேல் இருந்த சகேயுவை அண்ணாந்து பார்த்தபோது அந்தப் பார்வையில் என்ன இருந்தது. இயேசுகிறிஸ்துவின் முகத்திலே தேவனுடைய மகிமையை அறிகிற ஒளி இருக்கிறது என்று அடுத்த அதிகாரத்திலேயே பவுல் சொல்லிவிடுகிறாரே, மகிமையைத் தேடி மேகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அந்த மலையின்மேல் மோசேயும் எலியாவும் அவரோடு பேசினது அவருடைய மரணத்தைக் குறித்துத்தான் என்பதும் லூக்காவில் இருக்கிறது. ஆகவே சிலுவையில் தொங்குகிற முகத்தையும் சேர்த்தே பார்க்கவேண்டும். அதுதான் மகிமையின் முகம்.

இப்படிப் பார்ப்பதால் வருகிற மாற்றம் புண் ஆறுவது மாதிரி. தினமும் கட்டு மாற்றுகிற நர்ஸுக்கு நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாது. லீவு முடிந்து வருகிறவள் பார்த்தவுடன் சொல்லுவாள், நன்றாகத் தசை பிடித்திருக்கிறதே என்று.

என்னைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அக்காவைப் பற்றிச் சொல்லலாம். அத்தானுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். பேச்சு குழறும், கோபம் அதிகம், சோற்றைத் துப்புவார். அவரைத் தூக்கித் திருப்ப வருகிற பெண் ஒருத்தி, போன கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் கொடுக்கப் போனபோது என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்: "சின்னம்மா, இப்பல்லாம் பெரியம்மா ஐயாவ அதட்டுறதே இல்ல. அவரு துப்பினாலும் வாயத் தொடச்சிட்டு முகத்தப் பாத்து ஒரு நிமிசம் நிக்காங்க. பொறவுதான் அடுத்த வாய் ஊட்டுதாங்க." இதை அக்காவிடம் கேட்டேன். "நான் எங்கட்டி மாறினேன்? எப்பவும் போலத்தான் ஊட்டுதேன்" என்றாள். மோசே மலையிலிருந்து இறங்கினபோது தன் முகம் பிரகாசித்திருப்பதை அறியாதிருந்தார் என்று எழுதியிருக்கிறது. என் முகத்தில் என்ன தெரிகிறது என்று நானும் அதனால்தான் யாரிடமும் கேட்பதில்லை.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் மூன்றரை தருவேன். ஏற்பாட்டுக்கும் அந்தத் தம்பிக்கும் நான்கு. நேரப் பங்கீட்டுக்கு அரை குறைக்கிறேன், மனசாட்சிப்படி இன்னும் குறைக்கவேண்டும். நிறுவனத்துக்குப் போன் பண்ணி மேலே சொன்ன இரண்டு இரவு யோசனையைச் சொன்னேன். செலவு கூடும், ஆட்கள் வரமாட்டார்கள் என்றார்கள். பாப்பிரஸ் கடையை எடுத்துவிட்டால் கூடாதே என்றேன். பார்க்கிறோம் என்றார்கள். நீங்கள் பணம் கட்டுமுன் இதையே கேளுங்கள். நாலு பேர் கேட்டால் செய்வார்கள். சீனாய் வேண்டாம், எருசலேம் மட்டும் போதும் என்று சிலர் அந்தப் பகுதியை விட்டுவிட்டு விலை குறைந்த டூர் எடுக்கிறார்கள். விடாதீர்கள். வேறொன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள், கெய்ரோவில் ஒரு நாளையோ சவக்கடல் ஓட்டலையோ. முட்டு வலி உள்ளவர்களும் தயங்கவேண்டாம். மடாலய வாசலுக்கு அருகில் வரை வண்டி போகிறது, கொஞ்ச தூரம் நடந்தால் போதும், ஆலயத்துக்குள் கீழிறங்கச் சில படிகள் இருக்கின்றன, யாராவது கை கொடுப்பார்கள்.